பாட்டு வரும் பாதை

கொஸ்லந்தைப் பக்கத்திலே, மீரியபெத்த மலைக்கு அடுத்த மலையில் வசிக்கும் சகோதரி ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் தோட்டத்திலே நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். பழைய பாட்டென்றால் ஊணுறக்கத்தை மறந்துவிடுபவர். கட்டார் நாட்டில் வேலை பார்க்கும் தம்பி, “அப்பாவுக்கு நல்லதாக ஒரு பாட்டுப்பெட்டி வாங்கிக் கொடுங்கள் அக்கா” என்று பணம் அனுப்பியிருக்கிறார். சகோதரியும் பட்டணத்துக்குப் போய் விலை கேட்டிருக்கிறார். இணையத்திலிருந்து பாட்டை இறக்கித் தரும் ஸ்ட்ரீமர், அதைப் பெருக்கும் அம்பிளிபயர், இரண்டு ஸ்பீக்கர்கள் ஆகியவற்றுக்கெல்லாம் விலை சொன்ன கடைக்காரர், அவற்றை இணைக்கும் கேபிள்களுக்கு மட்டும் தனியே 18,000 ரூபாய் எழுதிக் கொடுத்திருக்கிறார். பொன்முலாம் பூசிய முனைகளாம். பட்டுப்போல் நெய்த உறையாம். மலிந்த கம்பி போட்டால் பாட்டின் இனிமை பாதியிலேயே செத்துவிடுமாம்.

சகோதரியின் கேள்விகள் இரண்டு. எந்தக் கேபிளை வாங்குவது என்பது முதலாவது. புதிய கருவி வந்தபின், வீட்டிலிருக்கும் பழைய பற்றரி வானொலியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடலாமா என்பது இரண்டாவது. முதற் கேள்வி பணத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி அதனினும் பெரிது என்பது நமது எண்ணம். ஆயினும் கேட்ட ஒழுங்கிலேயே விடை கூறுவோம்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அது ஒரு காலத்தில் மெய்யாயிருந்த சொல். கொழும்பிலே 1925 டிசம்பர் 16 ஆம் திகதி வானொலி நிலையம் திறக்கப்பட்டது. 1949 இல் அது இலங்கை வானொலி என்னும் பெயருடன் வளர்ந்தது. 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. மயில்வாகனனாரின் குரலைக் கேட்பதற்கென்று ஒரு லயமே ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூடியிருந்த நாட்கள் அவை. அப்பொழுது ஏரியல் கம்பியை மரத்தின் உச்சிக்கு ஏற்றினால் பாட்டுத் தெளியும். கீழே இறக்கினால் மங்கும். மின்னல் வெட்டினால் ஒரு கரகரப்பு. பக்கத்து ஆலையில் மோட்டார் ஓடினால் இன்னொரு கரகரப்பு. நல்ல கம்பி நல்ல பாட்டைத் தரும் என்ற நம்பிக்கை நம் பெரியோர்க்கு அனுபவத்தால் வந்தது. அந்த நம்பிக்கையைத்தான் இன்றைய கடைகள் புதிய பண்டத்தின் மேல் ஒட்டி விற்கின்றன.

பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேற்றுமை யாது? கொழுந்து மடுவத்தை நினைத்துப் பார்த்தால் விளங்கிவிடும். மலையிலே பறித்த கொழுந்தைச் சாக்கிலே கட்டி ஒருவர் தலையில் ஏற்றி ஆலைக்கு அனுப்புகிறோம். வழியிலே வெயிலில் வாடும். சாக்கில் ஓட்டை இருந்தால் சிந்தும். மழையில் நனைந்து கனக்கும். பாதையும் சாக்கும் எப்படியோ, சரக்கும் அப்படியே. பழைய வானொலிக் கம்பியிலும் ஒலித்தட்டுக் கருவியின் கம்பியிலும் சென்ற மின்சாரம் இந்தக் கொழுந்தைப் போன்றது. ஒலியின் உருவத்தையே தன் உருவமாகக் கொண்டு அது சென்றது. வழியில் பட்ட காயமெல்லாம் பாட்டிலே கேட்டது.

கணக்கப்பிள்ளை நிறுத்து, ‘18 கிலோ’ என்று துண்டில் எழுதி அனுப்புவது வேறு விடயம். அந்தத் துண்டு பழைய கடதாசியாயிருந்தாலும் 18 தான். பட்டுத் துணியிலே பொன் மையால் எழுதினாலும் 18 தான். பட்டிலே எழுதியதற்காக அது 19 ஆகாது. துண்டு நனைந்து எழுத்துக் கலைந்துபோனால் மட்டுமே தொல்லை. அப்பொழுதும் ‘வாசிக்க முடியவில்லை’ என்பது உடனே தெரிந்துவிடும். டிஜிட்டல் என்று வழங்கும் இலக்க முறைக் கேபிளில் செல்வது இந்தத் துண்டுதான். அதிலே ஒலி செல்வதில்லை. ஒலியை அளந்த எண்கள் செல்கின்றன.

அந்த எண்கள் எத்தனை? 1982 இல் விற்பனைக்கு வந்த ஒலித் தகடாகிய சி.டி.யின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு செக்கனிலும் ஒலி 44,100 தடவை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 16 சுழி-ஒன்றுகளால் எழுதப்படுகிறது. இடக்காது, வலக்காது என இரண்டு வரிசை. பெருக்கிப் பார்த்தால் செக்கனுக்கு 14,11,200 சுழி-ஒன்றுகள். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ரவுட்டரையும் ஸ்ட்ரீமரையும் இணைக்கும் சாதாரண ஈதர்நெற் கேபிளோ செக்கனுக்குப் பத்துக் கோடியைச் சுமக்கவல்லது. நமது பாட்டைப்போல் 70 மடங்கு சுமையை அது வியர்க்காமல் தூக்கும். ஒரு கூடைக் கொழுந்துக்கு லொறி பிடித்தது போன்ற நிலை.

இன்னுமொன்று. ஈதர்நெற்றிலும் வைபையிலும் எண்கள் சிறு சிறு பொட்டலங்களாக வருகின்றன. ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சரிபார்க்கும் எண் உண்டு. பொட்டலம் சிதைந்திருந்தால் கருவி அதைத் தள்ளிவிடும். வராத பொட்டலத்தை மீண்டும் அனுப்பச் சொல்லிக் கேட்கும். அதுவரை பாட்டு நின்றுவிடாதபடி சில செக்கன்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே சேமித்தும் வைத்திருக்கும். ஆதலால் இந்த வழியில் ‘கொஞ்சம் இனிமை குறைந்த பாட்டு’ என்று ஒன்று வருவதில்லை. முழுப் பாட்டு வரும். அல்லது பாட்டு நின்று நின்று வரும். பின்னது நேர்ந்தால் பழுது இணையத்திலோ வைபையிலோ இருக்கிறது. பொன்முலாம் அதற்கு மருந்தன்று.

அந்தப் பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறும் கடலடிக் கேபிள்களின் வழியாக, ஆயிரக்கணக்கான மைல் கண்ணாடி இழையில் ஓடி, பின்னர் கோபுரத்திலிருந்து காற்றில் பாய்ந்து நமது மலைக்கு வருகிறது. இவ்வளவு தூரத்தையும் பொன்முலாமின்றிப் பிழையில்லாமல் கடந்து வந்த எண், கடைசி ஒரு மீற்றரிலே பட்டு உறையைக் கண்டவுடன் இனிமை பெறும் என்பது நம்பத்தக்கதா?

இனி, கடையிலே கேட்கத்தக்க கேபிள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரவுட்டரிலிருந்து ஸ்ட்ரீமருக்கு: இரண்டும் ஒரே அறையில் இருந்தால் ஈதர்நெற் கேபிள் மிக நன்று. ‘கற் 5ஈ’ அல்லது ‘கற் 6’ என்று உறையில் அச்சிட்டிருந்தால் போதும். 100 மீற்றர் வரையிலும் தாங்கும். வைபையும் தாழ்வன்று. ஆனால் நமது வீடுகளிலே தகரக் கூரையும் தகரத் தடுப்பும் அதிகம். தகரம் அலையை மறிக்கும். பழைய கருங்கற் சுவரும் அவ்வாறே. பாட்டு விட்டு விட்டு வந்தால் ரவுட்டரை நகர்த்திப் பாருங்கள். காசில்லாத வைத்தியம் அது.

ஸ்ட்ரீமரிலிருந்து அம்பிளிபயருக்கு: இங்கே மூன்று வழிகள் உண்டு. முதலாவது கோஆக்சியல். பழைய தொலைக்காட்சிக் கம்பியைப்போல நடுவே ஒரு செப்புக் கம்பியும் சுற்றிலும் ஒரு வலையும் கொண்டது. இதற்கு 75 ஓம் என்ற ஓர் அளவு உண்டு. அது பொருந்தியிருந்தால் போதும். பழைய டி.வி.டி. கருவியோடு வந்த மஞ்சள் முனைக் கேபிள் வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துச் சொருகிப் பாருங்கள். படத்துக்கென்று செய்யப்பட்ட அதற்கும் 75 ஓமே அளவாதலால் பெரும்பாலும் அதுவே வேலை செய்யும்.

இரண்டாவது ஒளிக் கேபிள். கடையிலே ‘ஒப்டிக்கல்’ என்பார்கள். 1983 இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு மில்லிமீற்றர் அளவான பிளாஸ்டிக் இழையின் ஒரு முனையில் சிவப்பு ஒளி மினுக்கும். மறுமுனை அந்த மினுக்கை எண்ணாக வாசிக்கும். ஐந்து மீற்றர்வரை கவலையில்லை. கூர்மையாக மடித்தால் ஒளி தடைப்படும். தளபாடத்தின் கால் அதன்மேல் ஏறாமற் பார்த்துக்கொண்டாற் போதும்.

மூன்றாவது யூ.எஸ்.பி. கைத்தொலைபேசியையும் கணினியையும் இணைக்கும் அதே கேபிள்தான். சிறந்தது, ஆனால் ஐந்து மீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில் நம்பக் கூடாது. தொலைக்காட்சியின் ஒலியையும் அம்பிளிபயரில் கேட்க விரும்புவோர்க்கு எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்றும் உண்டு. 2009 இல் வந்த ஏற்பாட்டின்படி, படம் செல்லும் அதே கேபிளில் ஒலி திரும்பி வரவும் வழி இருக்கிறது. இரு கருவிகளிலும் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நலம்.

கோஆக்சியலிலும் ஒளிக் கேபிளிலும் ‘மீண்டும் அனுப்பு’ என்று கேட்கும் வழக்கம் இல்லை என்பது உண்மை. எண்கள் வந்து சேரும் நேரம் நூலிழை முன்பின்னாகத் தளம்பும் என்பதும் உண்மை. விலையுயர்ந்த கேபிள் விற்போர் இந்தத் தளம்பலையே பெரிதாகச் சொல்வார்கள். ஆனால் எண்ணை மீண்டும் ஒலியாக்கும் பகுதி, வந்த எண்களைத் தன் சொந்தக் கடிகாரத்தின் தாளத்துக்கு ஒழுங்குபடுத்தியே வெளியிடுகிறது. இன்றைய நல்ல கருவிகளில் அந்தத் தளம்பல் காதுக்கு எட்டும் அளவில் எஞ்சுவதில்லை. கேபிள் உண்மையிலே பழுதானால் அது தன்னை மறைத்துக்கொள்ளாது: ‘டிக் டிக்’ என்னும் வெடிப்பு, இடையிடையே மௌனம், அல்லது முழு மௌனம். அவ்வளவே.

ஐயம் தீராதவர்கள் வீட்டிலேயே ஒரு பரீட்சை வைக்கலாம். நண்பரிடமிருந்து விலையுயர்ந்த கேபிள் ஒன்றை இரவல் வாங்குங்கள். பேரப்பிள்ளையைக் கருவியின் பின்னால் நிற்கச் சொல்லி, நாணயத்தைச் சுண்டிப் பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றையது என்று மாற்றச் சொல்லுங்கள். பத்துத் தடவை ஒரே பாட்டைக் கேட்டு, எது என்று எழுதுங்கள். வெறும் ஊகத்தினாலேயே ஏறத்தாழ ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ சரியானால் மட்டும் அந்தக் கேபிளுக்குப் பணம் கொடுங்கள். ஊகத்தால் அப்படி அமைவது நூற்றில் ஒரு முறைதான்.

அப்படியானால் கம்பியே முக்கியமில்லையா? முக்கியமான இடம் ஒன்று உண்டு. அம்பிளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குச் செல்வது எண் அன்று. அது பழைய கொழுந்துச் சாக்கு. அங்கே மெல்லிய கம்பி போட்டால் சக்தி வழியிலேயே வீணாகும். ஐந்து மீற்றர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்புக் கம்பி தாராளமாகப் போதும். வன்பொருட் கடையில் மீற்றர் கணக்கில் வாங்கலாம். கேபிளுக்கென்று ஒதுக்கிய பணத்தின் மிச்சத்தை ஸ்பீக்கரிலே போடுங்கள். பாட்டை உண்மையாகவே பாடுவது அதுதான்.

இனி, கொழும்பிலுள்ளவர்களைவிட மலையில் இருப்போர் கூடுதலாக எண்ணவேண்டிய ஒன்றைச் சொல்லவேண்டும். அது மின்னல். ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் ஊவாவின் மலைகளில் பிற்பகல் இடி எப்படி இடிக்கும் என்பது நாம் அறியாததன்று. செப்புக் கேபிள் பாட்டை மட்டும் கொண்டுவருவதில்லை. எங்கோ விழுந்த மின்னலின் வேகத்தையும் ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும். ஒளிக் கேபிளிலே உலோகம் இல்லை. மின்சாரம் அதனைக் கடக்காது. ஸ்ட்ரீமருக்கும் அம்பிளிபயருக்கும் இடையே அதைப் போட்டால், ஒரு கருவி அடிபட்டாலும் அந்தக் கேபிள் வழியாக மற்றையதற்கு அடி செல்லாது. பூமிக் கம்பி சரியில்லாத வீடுகளில் ஸ்பீக்கரில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற ரீங்காரமும் பல வேளைகளில் இதனாலேயே மறையும். நாம் இந்தச் சகோதரிக்கு ஒளிக் கேபிளைச் சிபாரிசு செய்வது இக்காரணத்தினாலேயே அன்றி, அதில் பாட்டு இனிக்கும் என்பதனால் அன்று.

ஆயினும் ஒளிக் கேபிள் ஒரு வாசலை மட்டுமே அடைக்கும். இடி கேட்டவுடன் மின் பிளக்கைக் கழற்றுவதும், வெளியிலிருந்து வரும் ஏரியல், தொலைபேசிக் கம்பிகளைக் கழற்றுவதும் அவசியம். இடி தலைக்கு மேல் வந்தபின் கழற்றப் போகாதீர்கள், முன்னமே கழற்றுங்கள். ஒரு வீட்டு ரவுட்டரிலிருந்து அடுத்த லயத்துக்கு வெளியே செப்பு ஈதர்நெற் இழுக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வேண்டாம். ஒரு வீட்டு இடியை இரு வீட்டுக்குப் பங்கிடும் வழி அது.

முதற் கேள்விக்கு விடை இத்துடன் முடிந்தது. சாதாரண ஈதர்நெற் ஒன்று, சாதாரண ஒளிக் கேபிள் ஒன்று, மீற்றர் கணக்கில் ஸ்பீக்கர்க் கம்பி. எழுதிக் கொடுத்த 18,000 ரூபாயில் பெரும்பகுதி தம்பியின் வியர்வையாகவே மிஞ்சும்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பழைய பற்றரி வானொலியைப் போட்டுவிடலாமா?

புதிய கருவியில் ஒரு பாட்டுக் கேட்பதற்கு எத்தனை பேர் ஒத்துழைக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் மின்சாரம் இருக்கவேண்டும், ரவுட்டர் உயிரோடிருக்கவேண்டும், மலைமேல் இருக்கும் கோபுரத்துக்கு மின்சாரம் இருக்கவேண்டும், அங்கிருந்து கொழும்புவரை செல்லும் பாதை அறாமல் இருக்கவேண்டும். இவற்றிலே ஒன்று தவறினாலும் பெட்டி ஊமை. நல்ல நாளில் அந்த ஊமைத்தனம் ஒரு சிறு சலிப்பு. மழை விடாத இரவிலே அது வேறு.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையிலே மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை என்பதும் ஒரு செய்திதான். அது புறப்பட்டால் மட்டும் போதாது, சேரவேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது, கேட்டவர் போய்த் தங்குவதற்கு ஓர் இடமும் வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பது எந்தக் கேபிளாலும் ஆகாது. அது நாடு தோட்ட மக்களுக்குப் பட்டிருக்கும் கடன். ஆனால் செய்தி சேரும் பாதையைத் திறந்து வைத்திருப்பது வீட்டிலுள்ளவர் கையில் இருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளால் அடிபட்டது. மலைநாட்டின் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. அத்தகைய நாளிலே விலையுயர்ந்த ஸ்பீக்கரும் பொன்முலாமும் வெறும் தளபாடங்கள். இரண்டு பற்றரிகளில் இயங்கும் சிறு வானொலிக்கு வீட்டு மின்சாரம் வேண்டாம், ரவுட்டர் வேண்டாம், எங்கோ ஓர் உச்சியில் நிலையத்தின் கோபுரம் ஒன்று நின்றால் போதும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள் நிறத்திலிருந்து செம்மஞ்சளாகி, வெளியேறு என்னும் சிவப்பாகும்போது, அந்தச் சொல் நம் காதுக்கு வர ஒரு பாதையாவது வேண்டும்.

ஆகவே சகோதரி, வானொலியைப் போடாதீர்கள். போடாமல் வைத்திருப்பதோடும் நின்றுவிடாதீர்கள். பண்பலை மலையைத் தாண்டி வளைந்து வருவதில்லை. ஆதலால் வீட்டின் எந்த மூலையில், எந்த ஜன்னலருகில் செய்தி தெளிவாகக் கேட்கிறது என்று இன்றே பார்த்து, அந்த இடத்தில் வையுங்கள். தமிழிலே செய்தி சொல்லும் நிலையத்தின் எண்ணை வானொலியின் முதுகிலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற தொலைபேசி எண்ணையும் அதன் கீழே எழுதுங்கள். பற்றரியை உள்ளேயே போட்டு மறந்துவிட்டால் அது கசிந்து கருவியைத் தின்றுவிடும். கழற்றி, பக்கத்திலேயே ஒரு டப்பாவில் வையுங்கள். மாதம் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மழைக்காலம் தொடங்குமுன் புதிய சோடி வாங்குங்கள். கேபிளில் மிஞ்சிய பணத்தில் அது தூசியளவே.

பாட்டு வரும் பாதை எப்படியும் இருக்கலாம். அது நின்றுபோனால் நாளைக்குக் கேட்டுக்கொள்வோம். எச்சரிக்கை வரும் பாதை அப்படியன்று. அதற்கு நாளை என்பது இல்லை. நல்ல இசை ஒலிக்கும் வீட்டிலே, அடுப்பங்கரை ஜன்னலருகில் பழைய வானொலி ஒன்றும் பற்றரியோடு விழித்திருக்கட்டும்.